கொள்ளிடம் காளைகளின் முப்பத்தெட்டு நாள்

என்னிடம் தராசு வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்கள் கடைத் தரையைப் பற்றித்தான். எத்தனை கிலோ தாங்கும், எத்தனை வருஷம் உழைக்கும் என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள். தரை சமமாக இருக்கிறதா என்பேன் நான். சாய்ந்த தரையில் வைத்தால் எவ்வளவு நல்ல தராசும் தப்பாகத்தான் காட்டும். தராசைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்து கொடுப்பது, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பது மட்டும்தான்.

மேடம், நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். அப்படித்தான் எழுதுகிறேன். என் பெயர் பீமராவ், வயது ஐம்பத்தெட்டு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராத்திக் குடும்பம். ஸ்ரீரங்கத்தில் முப்பத்தொரு வருஷமாகத் தராசு பழுதுபார்க்கிறேன். உரிமம் இருக்கிறது. ஒருமுறைகூட என் மேல் புகார் வந்ததில்லை.

கபடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நேற்று கேட்டீர்கள். சம்பந்தம் எடைதான். நம் பக்கத்துக் கபடிப் போட்டி நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். கோயில் திருவிழாவானாலும் கோப்பைப் போட்டியானாலும் ‘அறுபத்தைந்து கிலோ கபடி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஒல்லியானவர்களைப் பருமனானவர்கள் நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. ஆடுவதற்கு முன் ஒவ்வொருவனும் தராசில் ஏறி இறங்க வேண்டும். அறுபத்தைந்துக்கு மேல் ஒரு புள்ளி காட்டினாலும் வெளியே.

இந்த வருஷம் ஆறு அணிகளைச் சேர்த்து ஒரு லீக் தொடங்கினார்கள். வாழைக்காய் மண்டி முருகானந்தம் ஓர் அணியை எடுத்தார். பெயர் கொள்ளிடம் காளைகள். அவருடைய மண்டித் தராசுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாம்பழச்சாலைக்குப் பின்னால் அவருக்கு ஒரு பழைய குடோன் இருக்கிறது. முற்றத்தில் விளையாட்டு விரிப்பைப் போட்டு, பையன்களை அங்கேயே தங்க வைத்தார். தார்களை எடை போடுகிற மேடைத் தராசு ஒன்று அங்கே இருந்தது. தரையோடு தரையாக, மூன்றடிக்கு மூன்றடி. அதைச் சரிபார்த்துக் கொடுக்கப் போனவன் நான். போன அன்றைக்கே பையன்களை ஏற்றி இறக்கி, யார் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் முருகானந்தம், “ராவ் சார், நீங்களே எடைக்குப் பொறுப்பா இருந்துருங்க” என்றார். இருந்துவிட்டேன்.

எனக்கு அது பிடித்திருந்தது. கடையில் யாரோ செய்த தராசை யாருக்காகவோ சரிசெய்கிறேன். இங்கே ஏழு பேர் சேர்ந்து ஒரே இயந்திரமாக ஆவதைக் கண் முன்னால் பார்த்தேன். ஓரத்தில் நிற்கிறவன் காலைப் பிடித்தால் நடுவில் நிற்கிறவன் இடுப்பைப் பிடிக்க வேண்டும், அரை நொடி தாமதித்தால் கோடு தாண்டிப் போய்விடுவான். எதிரிப் பக்கம் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வருகிறவனை ரைடர் என்பார்கள். எங்கள் ரைடர் அடைக்கலம். இருபத்துமூன்று வயது, பச்சைமலைக்காரன்.

அவன் ஆடுகிற முறையை நான் நிறைய நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். இடது கையைத் தொங்கவிட்டு விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டே இருப்பான். தடுக்கிறவர்கள் எல்லாருடைய கண்ணும் அந்த விரல்களில் இருக்கும். அப்போது வலது கால் கட்டைவிரல் போய் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கும். இதை நான் அவனிடம் சொன்னபோது, அப்படியா செய்கிறேன் என்று தன் கையையே திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

முதல் ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் இருநூறு கிராம் அதிகம் காட்டி வெளியேற்றப்பட்டான். மூன்று புள்ளியில் தோற்றோம். என் தராசில் அன்று காலை அவன் சரியாக அறுபத்தைந்து. லீக்காரர்களுடைய தராசு இருநூறு கிராம் ஏற்றமாகக் காட்டியிருக்கலாம், அல்லது பஸ்ஸில் வரும்போது பையன் தண்ணீர் குடித்திருக்கலாம். எதுவானாலும் கொஞ்சம் இடைவெளி விட்டு வேலை செய்யாதது என் தவறு. அதனால் தராசைக் கொஞ்சம் மாற்றினேன்.

எப்படி என்று சொல்கிறேன், சுலபம்தான். தட்டுக்கு அடியில் லோட் செல் என்று ஒரு உலோகக் கட்டி இருக்கிறது. மேலே பாரம் ஏறினால் அது தலைமுடி அளவுக்கும் குறைவாக வளையும். அந்த வளைவை மின்சாரம் அளந்து சொல்லும். ஆனால் எவ்வளவு வளைந்தால் எத்தனை கிலோ என்பது அதற்குத் தானாகத் தெரியாது. இருபது கிலோ எடைக்கல்லை வைத்து, இது இருபது என்று ஒருமுறை சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே சொல்லும். நான் பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம் கற்களை வைத்து, இது இருபது என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யார் ஏறினாலும் நூற்றுக்கு இரண்டு பங்கு கூடுதலாகக் காட்டியது. பையன்கள் அறுபத்தைந்து என்று நினைத்துக்கொண்டு போவார்கள், உண்மையில் அறுபத்துமூன்றே முக்கால் இருப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒன்றேகால் கிலோவை மனசில் கழித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் அணியில் ஒருவனும் எடையில் தோற்கவில்லை. தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தோம்.

எடை குறைப்பது என்றால் பட்டினி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கிலோ கொழுப்பு கரையப் பல நாள் ஆகும். ஒரு கிலோ தண்ணீர் வெளியேற ஒரு பிற்பகல் போதும். எடை பார்க்கும் நேரத்துக்கு மட்டும் உடம்பில் தண்ணீரைக் குறைத்து, இறங்கியதும் திரும்பக் குடித்துவிடலாம். வியர்க்க வைப்பதற்கு எங்களிடம் ஒரு நல்ல வசதி இருந்தது. குடோனின் பின்பக்கம் வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்க வைக்கும் அறை ஒன்று, தடித்த மண் சுவர், ஜன்னல் கிடையாது. பானையில் உமிக் கனலை வைத்து இரண்டு மணி நேரம் மூடி வைப்பேன். பிறகு கனலை வெளியே எடுத்து, கதவைத் திறந்து புகையைப் போகவிட்டு, சுவரில் ஏறிய சூடு மட்டும் இருக்கும்போது பையன்களை உள்ளே உட்கார வைப்பேன். மூச்சு முட்டாது. இதில் நான் எப்போதும் கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

லீக் அதற்குள் உதிர ஆரம்பித்திருந்தது. இரண்டாவது வாரத்தில் ஓர் அணி ஊருக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. நான்காவது வாரத்தில் இன்னொன்று. அவர்களுடைய பனியன்கள் ஒரு துணிக்கடையில் மலிவு விலைக்குத் தொங்குவதை ஹாலித் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஹாலித் எங்கள் கேப்டன், பாலக்கரைப் பையன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் அன்று யாரும் சரியாகப் பயிற்சி செய்யவில்லை. நான் முருகானந்தத்திடம் நேராகவே கேட்டேன், அடுத்த வருஷம் நம் அணி இருக்குமா என்று.

“இந்த லீக் போனா என்ன சார், வேற லீக் வரும். அடைக்கலம் நம்மகிட்ட இருந்தான்னா டீம் இருக்கும். பய இல்லேன்னா எதுக்கு டீமு, நான் பாட்டுக்குத் தார் வெட்டிட்டுப் போறேன்.”

அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். அதனால்தான் எல்லாமே எனக்குத் தெளிவாக இருந்தது. அடைக்கலம் இருந்தால் அணி இருக்கும்.

முப்பத்தைந்தாம் நாள், புதன்கிழமை, ஹாலித்தின் தங்கைக்கு நிக்காஹ். எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். அடைக்கலம் இரண்டு முறை போட்டுக்கொண்டான், நான் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்டம், நாள் இருந்தது. அவனுடைய போன் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அடித்தது. அம்மா என்று காட்டியது, எடுத்தேன். சந்திரம்மாள் என்று பெயர் சொன்னார். நான் யார் என்று சொன்னதும் குரலே மாறிவிட்டது.

“ராவ் ஐயாங்களா? நல்லா இருக்கீங்களா? திங்கக்கெழம மெட்ராசுல செலக்சனாமே, எல்லாம் உங்களாலதான்னு சொன்னான். கவருமெண்டு வேலையாம். கெடச்சா மொத சம்பளத்துல ராவ் ஐயாவுக்கு வேட்டி எடுக்கணும்மான்னு சொல்லிக்கிட்டே இருக்கான்.”

ஆமாம் அம்மா, நல்லபடியாக நடக்கும் என்றேன். சென்னையில் ஏதோ ஒரு துறையின் அணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அங்கே எண்பத்தைந்து கிலோ வரைக்கும் ஆடலாம், எடையே குறைக்க வேண்டாம். தேர்வானால் இங்கே திரும்பி வரமாட்டான். இதை அவன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லக் கூச்சப்பட்டிருப்பான், ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்திருப்பான். கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. யோசனைதான் வந்தது.

தேர்வு ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் அவன் களைத்திருந்தால் போதும். கால் அரை நொடி பிந்தினால் யாரும் எடுக்கமாட்டார்கள். அடுத்த தேர்வு அடுத்த வருஷம் வரும், போகட்டும். அதற்குள் எங்கள் அணிக்கு ஒரு வருஷம் கிடைக்கும். அவன் கை கால் உடைய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு நாள் களைப்பு, அவ்வளவுதான். போக வேண்டாம் என்று அவனிடமே சொல்லிப் பார்த்திருக்கலாமே என்றீர்கள். சொல்லியிருக்கலாம். கேட்கமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கவும் கூடும்.

வியாழக்கிழமை காலையில் மற்றவர்களுக்கெல்லாம் எடை பார்த்து, ஞாயிறு காலை வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பினேன். அடைக்கலத்துக்கு ஊர் தூரம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர், அங்கிருந்து மலைக்கு எப்போதாவது ஒரு பஸ். அவன் எப்போதும் குடோனிலேயே தங்கிவிடுவான். அவன் குளிக்கப் போனபோது தராசில் பத்தொன்பது கிலோ கற்களை வைத்து, இது இருபது என்று சொல்லிக் கொடுத்தேன்.

வந்து ஏறினான். அறுபத்தொன்பது கிலோ முந்நூறு காட்டியது. முந்தின நாள் காலையில் அறுபத்தாறரை. இறங்கி மறுபடி ஏறினான். மறுபடியும் அதே எண். நான் அவனைத் திட்டவில்லை. உட்கார வைத்து விளக்கினேன். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு அதிகம், உப்பு தன்னைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் இது சதை இல்லை, வெறும் தண்ணீர், வந்த வழியே போய்விடும் என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உப்பு அப்படித்தான் செய்யும்.

“ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டிருக்கக் கூடாது சார்” என்றான். குற்றம் செய்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அன்று முதல் அவனாகவே தண்ணீரை நிறுத்தினான். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

மேடம், அப்போது அவனுடைய உண்மையான எடை அறுபத்தைந்து கிலோ எண்ணூறு. வெள்ளிக்கிழமை காலையிலேயே அறுபத்தைந்துக்குக் கீழே வந்துவிட்டான். அப்போதே அவனைச் சாப்பிடவிட்டிருந்தால் ஞாயிறும் ஆடியிருப்பான், திங்களும் ஆடியிருப்பான். ஆனால் தராசு அறுபத்தெட்டுக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. அது அறுபத்தைந்து என்று காட்ட வேண்டுமானால் அவன் அறுபத்தொன்றே முக்காலுக்கு இறங்க வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை இரண்டு முறை, சனிக்கிழமை காலையில் ஒரு முறை அந்த அறையில் உட்கார்ந்தான்.

பெலிண்டா என்று ஒரு பெண், புத்தூரில் பிசியோதெரபி பார்க்கிறவர், வாரம் இரண்டு நாள் பையன்களின் தசைப்பிடிப்பைப் பார்க்க வருவார். வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தார். அடைக்கலம் குரல் கம்மிப்போய்ப் பேசினானே, எடை எவ்வளவு என்று கேட்டார். அறுபத்தேழு எண்ணூறு என்றேன். வழக்கமாகவே அவன் அறுபத்தேழுதானே என்றார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் தண்ணீர் வற்றவில்லை, பயப்பட ஒன்றும் இல்லை, எதற்கும் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட் கரைத்துக் கொடுங்கள் என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. அவர் மேல் தவறு சொல்லக் கூடாது. வழக்கமான எடையில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் எப்படி வற்றும்? பாக்கெட்டை நான் கரைக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஹாலித் வந்தான். அடைக்கலம் வராந்தாவில் சாக்கின் மேல் படுத்திருந்தான்.

“என்னடா, உப்புக்கண்டம் மாதிரி ஆயிட்ட? எங்க வூட்டு பிரியாணி இவ்ளோ வெயிட்டுன்னு அத்தாவுக்குத் தெரிஞ்சா தனியா பில்லு போடுவாரு.”

அடைக்கலம் சிரித்தான். உதட்டில் வெடிப்பு இருந்தது, சிரித்ததும் ரத்தம் வந்தது. ஹாலித் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். சார், இவனுக்குச் சரியில்லை, நிறுத்திவிடலாம் என்றான். நான் வாதாடவில்லை. அடைக்கலத்தைத் தராசில் ஏறச் சொன்னேன். சரியாக அறுபத்தாறு. இன்னும் ஒரு கிலோ இருக்கிறதே ஹாலித், நீ சொல்லு என்ன செய்யலாம் என்றேன். ஹாலித் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திடீரென்று தானும் ஏறினான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை அவன் அறுபத்துநாலு முந்நூறு. இப்போது அறுபத்தாறு முந்நூறு.

“எனக்குமா சார்?” என்றான். சந்தேகப்படுவான் என்று நினைத்தேன். அவன் தன் வயிற்றைத்தான் தொட்டுப் பார்த்தான். மிச்சமான பிரியாணியை அவர்கள் வீட்டில் மறுநாளும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கொள்ளிடக் கரையில் ஓடப் போனான். அடைக்கலத்தை நிறுத்தச் சொன்னதை மறந்துவிட்டான். தராசு சொன்னால் தராசைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது, தன் உடம்பைத்தான் சந்தேகப்படுவார்கள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கே இது அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்ட விஷயம். அன்று பன்னிரண்டு நாற்பதுக்கு முருகானந்தம் எனக்குப் போன் செய்தார். அந்த அழைப்பு உங்களிடம் பதிவாக இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை. நாளைக்கு ஆட வேண்டிய அணி கலைந்துவிட்டது என்றார். மிச்சம் மூன்று அணிதான், லீக்கையே நிறுத்திவிட்டார்கள். பையன்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பனியனை எல்லாம் வாங்கி வையுங்கள் என்றார். அப்படியானால் காளைகள், என்று கேட்டேன்.

“முடிஞ்சுது சார். அடைக்கலம் இருந்தான்னா அடுத்த வருஷம் பாப்போம்.”

எல்லாருக்கும் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது அடைக்கலம் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தான். யார் சார் என்று கேட்டான். மண்டிக்காரர், நாளைக்கு வண்டி ஏற்பாட்டைப் பற்றி என்றேன். நான்காவது முறையாக அறைக்கு அப்போதுதான் கனல் போட்டிருந்தேன்.

ஆட்டமே இல்லாதபோது ஏன் என்று கேட்டீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள், மேடம். ஆட்டம் ரத்தானது, தேர்வு ரத்தாகவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பான், ஒன்றரை நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குவான், திங்கட்கிழமை சென்னையில் எல்லாரையும் விட நன்றாக ஆடுவான். அப்புறம் காளைகள் இல்லை. முருகானந்தம் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும், அடைக்கலம் இருந்தான்னா பாப்போம் என்று.

மூன்று மணிக்கு உள்ளே போனான். போனைக் கொடுத்துவிட்டுத்தான் போவான், சூட்டில் கெட்டுவிடும். அவன் அம்மா ஒருமுறை கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்புவதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். கதவு வெளியே தாழிடப்படவில்லை. அதை நீங்களே பார்த்தீர்கள், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

மூன்றரைக்கு வெளியே வந்து ஏறினான். அறுபத்தைந்து எழுநூறு. நிற்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான், அதனால் மறுபடி பிடிக்காமல் நிற்கச் சொன்னேன். வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான்.

“முழுங்க மாட்டேன் சார். துப்பிடறேன்.”

மருந்து ஊற்றுகிற அளவுக் குப்பியில் நூறு மில்லி கொடுத்தேன். கொப்பளித்து ஒரு டம்ளரில் துப்பினான். அதை அளந்து பார்த்தேன், தொண்ணூறு இருந்தது. அவனிடம் காட்டினேன். தெரியாமல் உள்ளே போய்விட்டது என்று மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை, பத்து மில்லிதான் என்று நானும் சொன்னேன். அவனுக்கு வியர்ப்பது அப்போதே நின்றுபோயிருந்தது. தோல் காகிதம் மாதிரி உலர்ந்து இருந்தது. வியர்வை நின்றால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியில்லை, சூடு உள்ளேயே ஏறும். இது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். இன்னும் எழுநூறு கிராம்தான் என்றேன். சரி சார் என்று உள்ளே போனான்.

நான் வெளியே உட்கார்ந்து பனியன்களை மடித்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்குக் குரல் கொடுத்தேன், உம் என்றான். வந்து ஏறினான், அறுபத்தைந்து நானூறு. நாளை யாரோடு ஆட்டம் என்று என்னைக் கேட்டான். அவனுக்கே தெரிந்த விஷயம், அதனால் விளையாட்டாகக் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். எதிரணியின் பெயரைச் சொன்னேன். அவர்கள் வலது ஓரம் பலவீனம் என்று இருவரும் பேசிக்கொண்டோம். திரும்ப உள்ளே போனான்.

நாலே முக்காலுக்குக் குரல் கொடுத்தபோது பதில் வரவில்லை. கதவைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, தலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தான். தொட்டால் கை சுட்டது. தார் மூடுகிற படுதாவில் உருட்டி வெளியே இழுத்து வந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை.

நாலே முக்காலுக்கும் ஐந்து ஐந்துக்கும் இடையில் என்ன செய்தேன் என்றுதான் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். அந்த இருபது நிமிஷத்தை நான் வீணாக்கவில்லை.

முதலில் தராசைச் சரிசெய்தேன். தடயத்தை அழிக்க என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. முழு இருபது கிலோ கல்லை வைத்து, இது இருபது என்று சரியாகச் சொல்லிக் கொடுத்து, அரசு முத்திரைக் கம்பியைத் திரும்பக் கட்ட ஏழெட்டு நிமிஷம் ஆனது. மூன்று நாளாக அவனை எல்லாரும் தப்பான எண்ணில் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையில் எவ்வளவு இறங்கியிருக்கிறான் என்று ஒருவருக்காவது சரியாகத் தெரிய வேண்டும் இல்லையா? அவன் செய்தது சாதாரண வேலை இல்லை. இந்தப் பக்கத்தில் எந்த ரைடரும் மூன்று நாளில் அவ்வளவு குறைத்ததில்லை.

பிறகு படுதாவோடு தட்டின் மேல் இழுத்து, காலை மடக்கி வைத்தேன். படுதாவின் எடையைத் தனியாகக் கழித்துக்கொண்டேன். தராசில் எண் உடனே வந்துவிடாது, மேடம். தட்டின் மேல் இருப்பது அசையாமல் இருந்தால்தான் எண் நிற்கும். கோழியையோ ஆட்டையோ எடை போடும்போது நீங்களே கவனித்திருப்பீர்கள், மூச்சு ஏறி இறங்கினாலும் எண் ஏறி இறங்கும். அறுபத்தொன்று எண்ணூறு என்றது, அறுபத்திரண்டு நூறு என்றது, மறுபடி எண்ணூறு என்றது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தேன். அவசரப்பட்டால் தப்பான எடைதான் கிடைக்கும்.

அறுபத்தொன்று தொள்ளாயிரத்தில் நின்றது. நின்ற பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.